33 கோல்ட் கோட், 40 நோட்: மீதி ஏழுக்கு எந்தத் தொடர்?

#1 · ஆய்வுமேசை

வணக்கம். எம்.இ. கம்யூனிகேஷன் இரண்டாம் ஆண்டு. ப்ராஜெக்டில் 40 சென்சார் நோடுகள், எல்லாம் ஒரே கட்டடத்துக்குள். 865-867 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் தேவையில்லாத அலைவரிசை. எல்லா நோடும் ஒரே நேரத்தில் ஒரே ரிசீவருக்கு அனுப்ப வேண்டும். முறை வைத்து ஒவ்வொன்றாக அனுப்பக் கூடாது, சிடிஎம்ஏ வழியில்தான் (ஒவ்வொரு நோடும் தன் பிட்டைத் தனக்கென ஒரு தொடரால் பெருக்கி அனுப்புவது) செய்ய வேண்டும் என்பது கைடின் நிபந்தனை. ஒரு பிட்டுக்கு 31 சிப், அதாவது 31 கூட்டல் கழித்தல் ஒன்றுகள் கொண்ட தொடர், என்று வைத்திருக்கிறேன்.

நீளம் 31-க்கு கோல்ட் குடும்பத்தில் (ஒன்றோடொன்று குறைவாகவே குழம்பும்படி கட்டிய தொடர்கள்) 33 தொடர்கள்தான் கிடைக்கின்றன: பொருத்தமான இரண்டு எம்-தொடர்கள் (ஷிஃப்ட் ரெஜிஸ்டர் தரும் மிக நீண்ட சுற்றுத் தொடர்கள்), அப்புறம் ஒன்றை ஒவ்வொரு சிப்பாக நகர்த்தி மற்றதோடு கூட்டினால் வரும் 31. எனக்கு இன்னும் ஏழு வேண்டும். நீளத்தை 63 ஆக்கினால் பிட் வேகம் பாதிக்கும் கீழே போய்விடும்.

கைடு, "வெல்ச் எல்லையை எட்டும் தொடர்கள் இருக்கின்றன, அதைப் பார்" என்றார் (தொடர்களுக்கிடையே குறுக்கீடு இதற்குக் கீழே போகாது என்ற வரம்பு). பார்த்தேன். எந்த ஆய்வுக் கட்டுரையைத் திறந்தாலும் சூத்திரம் இருக்கிறது. நோடில் எந்த 31 பிட்டை எழுதுவது என்பதுதான் இல்லை. கோல்ட் நல்லதா, வெல்ச் வகை நல்லதா? யாராவது நேராகச் சொல்லுங்கள்.

#2 · வேடிக்கை_பார்ப்பவன்

சிடிஎம்ஏ முடிந்துபோன கதை. 4ஜி வந்ததுமே ஓஎஃப்டிஎம்முக்கு (பல குறுகிய அலைவெண்களில் பிரித்து அனுப்பும் முறை) போய்விட்டார்கள். இதில் இன்னுமா ப்ராஜெக்ட் கொடுக்கிறார்கள்?

#3 · பழைய_பேஸ்ஸ்டேஷன்

முடிந்த கதை இல்லை, இடம் மாறிய கதை. உங்கள் 5ஜி போனை ஆன் செய்தால் அது முதலில் தேடுவதே 127 நீளமுள்ள ஓர் எம்-தொடரைத்தான். அதன் மூன்று சுழற்சிகளில் எது என்று கண்டுபிடித்த பிறகு, கோல்ட் வகையில் கட்டிய இன்னொரு 127 நீளத் தொடர், 336 சாத்தியங்கள். மூன்றையும் 336-ஐயும் பெருக்கினால் 1008. 5ஜியில் செல் எண்கள் மொத்தம் அத்தனைதான். 4ஜியில் போன் முதன்முதலாக டவரைக் கூப்பிடும்போது அனுப்புவது 839 நீளமுள்ள ஸடாஃப்-சூ என்ற, கட்டம் மட்டும் மாறும் தொடர். ஒரு செல்லுக்கு 64 பிரியாம்பிள் (அழைப்புத் தொடர்), எந்த போன் எதை எடுக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. இது பல பயனர் சிக்கல் இல்லையா?

தம்பி ஆய்வுமேசை, "எது நல்லது" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுமுன் மூன்று விஷயம் வேண்டும். 40 நோடும் சிப் கணக்கில் ஒன்றாகத் தொடங்குமா, இல்லை அவரவர் இஷ்டமா? ரிசீவரில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பலத்தில் வந்து சேருமா? ரிசீவரில் வெறும் மேட்ச்டு ஃபில்டரா (வந்ததை அந்த நோடின் தொடரோடு பெருக்கிக் கூட்டுவது), வேறு ஏதாவதா? இது மூன்றும் தெரியாமல் தொடர் தேர்ந்தெடுப்பது அளவு எடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி.

#4 · ஆய்வுமேசை

நன்றி சார். ரிசீவர் ஒரு பீக்கன் சிக்னல் அனுப்பும், அதைக் கேட்டவுடன் எல்லா நோடும் தொடங்கும். அதனால் ஒன்றாகத் தொடங்கும் என்றுதான் வைத்திருக்கிறேன். பலம் சமமாக இருக்காது. பக்கத்து அறையில் சில, மூன்றாம் மாடியில் சில. பவரை நோடில் மாற்ற முடியும். ரிசீவர் எஸ்டிஆர் (மென்பொருளில் ஓடும் ரேடியோ) போர்டு, பின்னால் ஒரு கணினி. மேட்ச்டு ஃபில்டர்தான் எழுதியிருக்கிறேன், தேவையென்றால் எம்எம்எஸ்இ (மற்றவர்களின் குறுக்கீட்டையும் கணக்கில் எடுத்துப் பிழையைக் குறைக்கும் ஃபில்டர்) எழுதலாம்.

#5 · ஐகன்வெக்டர்

ஒன்றாகத் தொடங்கும் என்றே எடுத்துக்கொண்டு சொல்கிறேன். அது உண்மையா என்பதை மற்றவர்கள் விசாரிக்கட்டும்.

வெல்ச் 1974-இல் காட்டியது இதுதான்: பயனர் எண்ணிக்கை சிப் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டால், எல்லாத் தொடர்களையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக, அதாவது பெருக்கிக் கூட்டினால் பூஜ்யம் வரும்படி, வைக்க முடியாது, குறுக்கீடு ஓர் அளவுக்குக் கீழே போகவே போகாது. ஒவ்வொரு தொடரின் ஆற்றலையும் 1 என்று வைத்து, எல்லா ஜோடிகளின் ஒட்டுறவையும் (சிப்புக்குச் சிப் பெருக்கிக் கூட்டியது; தன்னோடு தானும் சேர்த்து) வர்க்கமாக்கிக் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை, பயனர் எண்ணிக்கையின் வர்க்கத்தைச் சிப் எண்ணிக்கையால் வகுத்ததை விடக் குறையாது. உங்களுக்கு 40 × 40 ÷ 31, அதாவது 51.6. கூட்டல் கழித்தல் ஒன்றுகளைக் காசு சுண்டிப் போட்டு 40 தொடர் எடுத்தால் சராசரியாக 90.3 வரும். இந்த இரண்டுக்கும் இடையில்தான் மொத்த விளையாட்டும்.

சின்ன உதாரணம். இரண்டு சிப், மூன்று பயனர். தளத்தில் 120 டிகிரி இடைவெளியில் மூன்று அம்புகள். எந்த இரண்டை எடுத்தாலும் ஒட்டுறவு -1/2. கூட்டினால் 3 + 6 × 1/4 = 4.5. எல்லை 9 ÷ 2, அதே 4.5. ஆனால் இதைக் கூட்டல் கழித்தல் ஒன்றுகளால் எழுத முடியாது. மூன்று சிப், நான்கு பயனர் என்றால் எழுத முடியும்: (+ + +), (+ - -), (- + -), (- - +). எந்த ஜோடியும் -1/3. கூட்டல் 16/3, எல்லையும் 16/3.

இந்த நான்கும் எங்கிருந்து வந்தன என்று பாருங்கள். 4 × 4 ஹடமார்ட் அணியில் (கூட்டல் கழித்தல் ஒன்றுகள் மட்டும், எந்த இரண்டு நிரையும் செங்குத்து) ஒரு நெடுவரிசையை நீக்கியதுதான். பொதுவாகவே அப்படித்தான். எந்த ஹடமார்ட் அணியிலும் சில நெடுவரிசைகளை நீக்குங்கள், மிச்சமிருக்கும் நெடுவரிசைகள் செங்குத்தாகவே இருக்கும், நிரைகள் வெல்ச் எல்லையை எட்டும் தொடர்களாகிவிடும். உங்களுக்கு வேண்டியது 40 × 40 ஹடமார்ட், அதில் ஒன்பது நெடுவரிசை கழித்து 31. 39 பகா எண்ணும் இல்லை, பகா எண்ணின் அடுக்கும் இல்லை, அதனால் பகா எண்களிலிருந்து ஹடமார்ட் கட்டும் பேலி முறையின் முதல் வகையில் 40 நேராக வராது. 19 பகா எண், ஆகவே 20 வரும். அதை 2 × 2 அணியோடு குரோனெக்கர் பெருக்கல் (ஒவ்வோர் உறுப்பின் இடத்திலும் முழு அணியை வைப்பது) செய்தால் 40. ஆக்டேவ் கணக்கு மென்பொருளில் ஹடமார்ட் ஃபங்ஷனுக்கு 40 என்று கொடுத்தாலே தந்துவிடும்.

உங்கள் கேள்விக்கு நேரான விடை: இந்த 40 நிரைகளை நோடில் எழுதுங்கள். முழு 40-இல் இரண்டு நிரைகளின் பெருக்கல் கூட்டல் பூஜ்யம் என்பதால், 31-இல் வருவது நீக்கிய ஒன்பதில் வருவதன் எதிர்க்குறி. ஆகவே எந்த ஜோடியும் 31-க்கு 9-ஐத் தாண்டாது. கோல்டின் உச்சமும் அதே 9தான்.

#6 · ஆய்வுமேசை

அக்கா, இது போதும் போலிருக்கிறதே! அப்படியானால் கோல்டை விட இது மேல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

#7 · ஐகன்வெக்டர்

அவசரப்படாதீர்கள். பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கோல்ட் தொடர்களை நகர்த்தாமல், ஒன்றாகத் தொடங்க வைத்து ஒட்டுறவு பாருங்கள். இரண்டு தொடர்களுக்கும் பொதுவான எம்-தொடர் அடிபட்டுப் போகும், மிச்சம் இன்னொரு எம்-தொடரின் ஒரு சுழற்சி. அதன் கூட்டல் எப்போதும் -1. அதாவது 33-இல் ஓர் எம்-தொடரை மட்டும் விட்டுவிட்டால், மீதி 32-இல் எந்த ஜோடிக்கும் 31-க்கு -1தான். வர்க்கக் கூட்டல் போட்டுப் பாருங்கள்: 32 + 32/31. வெல்ச் எல்லை 32 × 32 ÷ 31. இரண்டும் ஒன்றே. ஒன்றாகத் தொடங்கும் உலகத்தில் கோல்டே வெல்ச் எல்லையில் உட்கார்ந்திருக்கிறது. "கோல்டா வெல்ச்சா" என்ற சண்டையே அங்கு இல்லை.

கோல்ட் சம்பாதிப்பது நகர்ந்தால்தான். எந்தச் சிப் நகர்ந்தாலும் மதிப்பு -1, -9, 7 இந்த மூன்றில் ஒன்றுதான் என்று ராபர்ட் கோல்ட் 1967-இல் உறுதி கொடுத்தார். ஹடமார்டில் வெட்டிய தொடர்களுக்கு அப்படி எந்த உறுதியும் கிடையாது. ஒரு சிப் தள்ளினால் என்ன வரும் என்று கணினியில் பார்த்தால்தான் தெரியும்.

#8 · செயற்கைக்கோள்_பிரியன்

கோல்ட் பற்றிப் பேச்சு வந்ததால் உள்ளே நுழைகிறேன். ஜிபிஎஸ்ஸின் பொதுச் சிக்னலில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1023 சிப் கோல்ட் தொடர், வினாடிக்கு 10,23,000 சிப், அதாவது ஒரு மில்லி வினாடிக்கு ஒரு சுற்று. ஒரு சிப் நீளம் கிட்டத்தட்ட 293 மீட்டர். அங்கே செயற்கைக்கோள்கள் வெவ்வேறு தூரத்தில் இருப்பதால் சிக்னல்கள் ஒன்றாக வந்து சேர வழியே இல்லை. வந்து சேரும் நேரத்தை அளப்பதுதானே ஜிபிஎஸ்ஸின் வேலையே! நகர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே முழுக் கேள்வி. மதிப்புகள் -1, -65, 63. 1023-க்கு 65 என்றால் சுமார் 24 டெசிபெல் கீழே.

இந்த 24 போதுமா? திறந்த வெளியில் போதும். எல்லாக் கோள்களும் 20,000 கிலோமீட்டருக்கு மேலே, பலம் ஏறக்குறைய சமம். ஜன்னல் ஓரத்தில் ஒரு கோள் நேராகத் தெரிந்து, மற்றவை கான்கிரீட்டைத் துளைத்து வந்தால் போதாது. பலமான கோளின் குறுக்கொட்டுறவுச் சிகரத்தை பலவீனமான கோளின் சிக்னல் என்று ரிசீவர் நினைத்துக்கொள்ளும்.

நகர்வையும் கணக்கில் எடுக்கும் வெல்ச் எல்லைப்படி 1023 நீளத்துக்குச் சுமார் 32 வரை இறங்க இடமிருக்கிறது, கோல்ட் 65-இல் நிற்கிறது. காசாமி என்ற இன்னொரு வகைத் தொடர்களின் சிறிய குடும்பம் 33 வரை இறங்கும், ஆனால் அதில் மொத்தமே 32 தொடர்கள். கோல்டில் 1025. எண்ணிக்கை வேண்டுமென்றால் ஒட்டுறவில் விட்டுக் கொடுக்க வேண்டும், இதிலிருந்து யாருக்கும் தப்பில்லை.

நம் நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக்கிலும் எல்5, எஸ் அலைவரிசைகளில் 1023 நீள கோல்ட்தான். 2023 மே மாதம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன என்விஎஸ்-01-இல் எல்1 சிக்னல் புதிதாக வந்தபோது அதை விட்டுவிட்டு 10,230 நீளத்தில் வேறு குடும்பம் எடுத்தார்கள்: நான்கு மதிப்பு எண்கணிதத்தில் கட்டிய தொடரை இடையிடையே கோத்து, இருமமாக்கியது. பெங்களூரு ஐஐஎஸ்சியின் பி. விஜய் குமாரும் இஸ்ரோக்காரர்களும் சேர்ந்து செய்தது. அவர் 1990-களிலேயே நான்கு கட்டத் தொடர்களில் பெயர் வாங்கியவர். தொடர் வடிவமைப்பு செத்துவிட்டது என்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்கலாம்.

#9 · வேடிக்கை_பார்ப்பவன்

சரி சரி, சாகவில்லை. விடுங்கள்.

#10 · பழைய_பேஸ்ஸ்டேஷன்

ஐகன்வெக்டர் சொன்ன கணக்கில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் களத்தில் என்ன நடந்தது என்பதையும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டும்.

சிடிஎம்ஏ போன்களுக்கான ஐஎஸ்-95 தரநிலை 1993-இல் வந்தது, ஹாங்காங்கில் 1995-இல் முதல் வணிகச் சேவை. அப்புறம் ஏழெட்டு வருடத்தில் நம்மூரில் ரிலையன்ஸ், டாடா சிடிஎம்ஏ போன்களைக் கையில் வைத்திருந்தவர்கள் பயன்படுத்தியது அதன் அடுத்த தலைமுறை. டவரிலிருந்து போனுக்கு வரும் திசையில் 64 வால்ஷ் தொடர்கள், எல்லாம் செங்குத்து, ஒரே ஆண்டெனாவிலிருந்து ஒன்றாகவே கிளம்பும், பிரச்சினையில்லை. டவரை டவரிலிருந்து பிரிப்பது 32,768 நீளமுள்ள ஒரே தொடர். 64 சிப்புக்கு ஒரு டவர் என்று நகர்த்தி வைத்தால் 512 இடம் கிடைக்கும். அதற்காகவே எல்லா டவரும் ஜிபிஎஸ் கடிகாரத்தில் ஓடின.

போனிலிருந்து டவருக்குப் போகும் திசைதான் உங்கள் ப்ராஜெக்டுக்கு ஒப்பானது. அங்கே யாரும் அடையாளத் தொடரை உட்கார்ந்து வடிவமைக்கவில்லை! எல்லோருக்கும் ஒரே நீண்ட தொடர், 2-இன் 42-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. வினாடிக்கு 12,28,800 சிப் வேகத்தில் ஓடினாலும் ஒரு சுற்று முடிய 41 நாளுக்கு மேல் ஆகும். ஒவ்வொரு போனும் தன் எண்ணுக்கு ஏற்ற இடத்திலிருந்து அதைப் படிக்கும். ஒவ்வொரு பிட்டுக்கும் வேறு வேறு துண்டு வருகிறது, ஆகவே எந்த ஜோடிக்கும் நிலையான ஒட்டுறவு என்று ஒன்றே கிடையாது. குறுக்கீட்டைச் சராசரியாக்கி, கூடவே வினாடிக்கு 800 முறை பவரை ஏற்றி இறக்கிச் சமாளித்தார்கள். 3ஜியில் அது வினாடிக்கு 1500 முறை.

ஏன் இப்படி? ஒன்றாகத் தொடங்காத போன்களுக்கு கோல்டின் உறுதிமொழி பாதிதான் செல்லும். -1, -9, 7 என்பது தொடர் முழுச் சுற்று சுற்றும்போது. அடுத்தவரின் பிட் உங்கள் பிட்டின் நடுவில் மாறி, + என்பது - ஆகிவிட்டால், அவர் தொடரின் ஒரு பகுதி நேராகவும் மறுபகுதி தலைகீழாகவும் உங்கள் மேல் விழும். அப்போது 9 என்ற வரம்பு காற்றில் போய்விடும். பர்ஸ்லி 1977-இல் போட்ட கணக்கு: நீளத்தை மூன்றால் பெருக்கி, மற்றப் பயனர் எண்ணிக்கையால் வகுத்தால் குறுக்கீட்டுக்கு எதிரான சிக்னல் விகிதம். உங்களுக்கு 93 ÷ 39, அதாவது 3.8 டெசிபெல். இது காசு சுண்டிப் போட்ட தொடர்களுக்கு. கோல்டைப் போட்டாலும் சராசரி இதன் பக்கத்திலேயேதான் நிற்கும்.

#11 · ஐகன்வெக்டர்

சார் சொன்னதில் அந்த மூன்று எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சேர்க்கிறேன். கேரியர் கட்டம் தாறுமாறாக இருப்பதால் 1/2, சிப் எல்லைகள் பொருந்தாததால் 2/3, இரண்டையும் பெருக்கினால் 1/3.

ஆனால் "யாரும் வடிவமைக்கவில்லை" என்பதை அப்படியே விட முடியாது. 3ஜியில் அப்லிங்குக்கு (போனிலிருந்து டவருக்கு) நீண்ட தொடரோடு 256 சிப் குறுந்தொடர் ஒன்றும் தரநிலையில் உண்டு. டவரில் பல பயனர் ரிசீவர் வைப்பவருக்கு, ஒவ்வொரு பிட்டிலும் ஒட்டுறவு மாறாமல் இருப்பது வசதி என்பதற்காக. அந்தக் குறுந்தொடர்கள் மேலே சொன்ன விஜய் குமாரின் நான்கு கட்டக் குடும்பத்திலிருந்து வந்தவைதான்.

தம்பியின் நிலைமை வேறு. 40 நோடும் தெரிந்தவை, ஓரிடத்தில் நிற்பவை, பீக்கன் இருக்கிறது. இங்கே வடிவமைப்பு பலன் தரும். ஒன்றாகத் தொடங்கி, பலமும் சமமாக இருந்தால், வெல்ச் தொடர்களில் ஒவ்வொரு நோடும் படும் குறுக்கீடு 40/31-இல் 1 கழித்தது, 9/31. விகிதம் 5.4 டெசிபெல். தற்செயல் தொடராக இருந்தால் 31/39, அதாவது ஒரு டெசிபெல் கீழே. ஆறு டெசிபெலுக்கு மேல் லாபம். இன்னொரு அழகு: இந்த நிலையில் எம்எம்எஸ்இ ஃபில்டரைக் கணக்கிட்டால் மேட்ச்டு ஃபில்டரேதான் வரும், வெறும் பெருக்கெண் வித்தியாசம். எழுதியதை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

பலம் சமமில்லையென்றால் விடை மாறும். விஸ்வநாத்தும் அனந்தராமும் 1999-இல் காட்டியது: மிகப் பலமான பயனருக்கு யாரோடும் பகிராத தனித் திசை ஒன்றைக் கொடுத்துவிடு, மற்றவர்கள் மிச்சத்தைப் பகிரட்டும். இரண்டு சிப், மூன்று பயனர், பலம் 10, 1, 1 என்றால் முதலாமவருக்கு ஒரு திசை முழுசாக. மற்ற இருவரும் ஒரே தொடரை வைத்துக்கொள்வதுதான் மொத்தக் கொள்ளளவுக்கு (எல்லோரும் சேர்ந்து அனுப்பக்கூடிய அதிகபட்ச வேகம்) உகந்தது! கேட்டால் விசித்திரமாக இருக்கும், கணக்கு அப்படித்தான் முடிகிறது.

உங்கள் நோடுகளில் பவரை மாற்ற முடியும் என்கிறீர்கள். முதலில் அதைச் சமமாக்குங்கள். தொடரை நோண்டுவதை விட அது சுலபம்.

#12 · ஆய்வுமேசை

உலுகுஸ்-யேட்ஸ் முறை பற்றியும் படித்தேன் அக்கா. ஒவ்வொரு நோடும் முறை வைத்துத் தன் தொடரை மற்றவர்களின் குறுக்கீட்டுக்கு ஏற்ற எம்எம்எஸ்இ ஃபில்டராக மாற்றிக்கொண்டே போனால் தானாக எல்லைக்கு வந்து நிற்குமாம். ஆக்டேவில் 40 × 31 வைத்து ஓட்டினேன், கூட்டல் 51.6-க்கு வந்துவிட்டது. இதையே நோடில் ஓட்டலாமா?

#13 · ஐகன்வெக்டர்

கணினியில் ரசிக்க நல்ல முறை. ஒவ்வொரு படியிலும் கூட்டல் குறையுமே தவிர ஏறாது. ஆனால் கிடைக்கும் சிப்கள் கூட்டல் கழித்தல் ஒன்றாக இருக்காது, தசம எண்கள். 31 தசம எண்ணை ஒவ்வொரு நோடுக்கும் பீக்கனில் அனுப்ப வேண்டும், நோடின் பவர் ஆம்ப்ளிஃபையர் ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டும். பயனர்கள் வந்துபோய்க்கொண்டிருக்கும் இடத்தில் அதற்கு அர்த்தம் உண்டு. உங்களுக்கு ஹடமார்ட் போதும்.

#14 · சால்டரிங்_வாசம்

எல்லோரும் "ஒன்றாகத் தொடங்கும்" என்று வைத்துக்கொண்டே போகிறீர்கள். சிப் வேகம் எவ்வளவு என்று ஒருவரும் கேட்கவில்லையே! என்ன மைக்ரோகன்ட்ரோலர்? பீக்கன் வந்ததும் இன்டரப்டில் தொடங்குகிறதா?

#15 · ஆய்வுமேசை

வினாடிக்கு 10 லட்சம் சிப் அண்ணா. ஆமாம், இன்டரப்ட்தான்.

#16 · சால்டரிங்_வாசம்

அப்படியென்றால் ஒரு சிப் ஒரு மைக்ரோ வினாடி. நோடுக்கு நோடு இன்டரப்ட் தாமதமே இரண்டு மூன்று மைக்ரோ வினாடி வித்தியாசப்படும். கட்டடத்துக்குள் தூரத்தால் வரும் தாமதம் பொருட்டே இல்லை, 30 மீட்டருக்கு 0.1 மைக்ரோ வினாடிதான். ஆனால் இந்த இன்டரப்ட் நடுக்கம் இரண்டு மூன்று சிப் தின்றுவிடும். உங்கள் ஹடமார்ட் அழகெல்லாம் அங்கேயே போச்சு.

"சிப் வேகத்தைப் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிடலாமே" என்று தோன்றும். அங்கே இன்னொரு பள்ளம். மலிவான கிரிஸ்டல் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) தள்ளி நிற்கும். 866 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 17 கிலோஹெர்ட்ஸ். வினாடிக்கு ஒரு லட்சம் சிப் என்றால் ஒரு பிட் 310 மைக்ரோ வினாடி. அதற்குள் அந்த நோடின் கேரியர் ஐந்து முறைக்கு மேல் சுற்றிவிடும். தொடரின் முதல் சிப்பும் கடைசிச் சிப்பும் வேறு வேறு திசையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது எது எதற்குச் செங்குத்து? வேகம் 10 லட்சமாகவே இருந்தாலும் ஒரு பிட்டுக்குள் அரைச் சுற்று. அதுவே அதிகம்.

ஆக வேகத்தைக் கூட்டினால் நேரம் கடிக்கும், குறைத்தால் அலைவெண் கடிக்கும். செய்ய வேண்டியது இரண்டு. பீக்கனின் அலைவெண்ணை நோட் அளந்து தன் அலைவெண்ணைத் திருத்திக்கொள்ள வேண்டும், பெரும்பாலான டிரான்ஸீவர் சிப்களில் அதற்கு ஒரு ரெஜிஸ்டர் இருக்கும். தொடக்கத்தை இன்டரப்ட் சாஃப்ட்வேரில் விடாமல் ஹார்டுவேர் டைமரின் கேப்சர்-கம்பேரில் கட்ட வேண்டும். இதை முடித்துவிட்டு, இரண்டு நோட் மட்டும் வைத்து ஒட்டுறவை அளந்து பாருங்கள். கணக்கில் வருவது அளவையில் வரும்வரை மூன்றாவது நோடை ஆன் செய்யாதீர்கள்.

#17 · செயற்கைக்கோள்_பிரியன்

அலைவெண் தள்ளல் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. ஸடாஃப்-சூ தொடருக்கே இந்தக் கதி உண்டு. 4ஜியின் 839 நீளத் தொடரில் அலைவெண் 1.25 கிலோஹெர்ட்ஸ் தள்ளினால், அது நேரத்தில் ஒரு சுழற்சியாக வேடம் போட்டு வரும். வேகமான ரயிலிலிருந்து கூப்பிடும் போனை டவர் வேறு தூரத்தில் இருப்பதாகவோ, வேறு பிரியாம்பிளாகவோ நினைத்துவிடும். அதற்காகவே அதிவேகச் செல்களுக்குச் சில சுழற்சிகளை எடுத்துவிட்டு மிச்சத்தை மட்டும் கொடுக்கிறார்கள்.

#18 · வேடிக்கை_பார்ப்பவன்

இவ்வளவு நேரம் படித்ததற்கு எனக்கும் ஒரு கேள்வி கேட்க உரிமை உண்டு. 40 × 40 ஹடமார்டைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏன் ஒன்பது நெடுவரிசையை வெட்ட வேண்டும்? வெட்டாமல் அப்படியே 40 சிப்பாக அனுப்பினால் குறுக்கீடே பூஜ்யம். வேகம் 31/40 ஆகும், அதாவது நூற்றுக்கு 22.5 குறையும். வெட்டினால் 5.4 டெசிபெலில் மாட்டிக்கொண்டு, இரைச்சலே இல்லாவிட்டாலும் பிட்டுகள் தப்பும். அப்புறம் பிழைதிருத்தக் கோட் போட வேண்டும், அதுவும் வேகத்தைத் தின்னும். மூன்று பேர் சீட்டில் நாலு பேரை நெருக்கி உட்கார வைப்பதற்கு, நாலு பேர் சீட் வாங்கலாமே?

#19 · ஐகன்வெக்டர்

நல்ல கேள்வி. இதை ஆய்வு மாநாட்டில் கேட்டால் நாலு பேர் முறைப்பார்கள், ஆனால் கேட்க வேண்டிய கேள்வி.

எண்ணைப் போட்டே பார்ப்போம். எல்லா நோடின் கேரியர் கட்டமும் ஒன்றாக வரும் மோசமான நிலையில், 5.4 டெசிபெலுக்கு காஸியன் தோராயத்தில் நூற்றுக்கு மூன்று பிட் தப்பும். கட்டங்கள் கலந்து வந்தால் குறுக்கீடு சராசரியில் பாதியாகும், பிழை ஆயிரத்துக்கு நாலைந்து என்று இறங்கும். இரண்டிலுமே பிழைதிருத்தம் இல்லாமல் சென்சார் அளவீட்டை நம்ப முடியாது.

ரூப்ஃபும் மாஸியும் 1994-இல் காட்டியது, பலம் சமமாக இருந்தால் வெல்ச் தொடர்கள் மொத்தக் கொள்ளளவில் ஒரு துளியும் இழப்பதில்லை என்பது. 40 சிப் செங்குத்துத் தொடருக்கும் சிப் கணக்கில் அதே கொள்ளளவுதான். ஆனால் வெல்ச் தொடர்களில் அந்தக் கொள்ளளவை எடுக்க எல்லா நோடையும் சேர்த்து டீகோட் செய்யும் ரிசீவர் வேண்டும், செங்குத்தில் வெறும் மேட்ச்டு ஃபில்டர் போதும். எண்ணிக்கை 40 என்று உறுதியாகத் தெரிந்து, 31 என்பதில் பிடிவாதம் இல்லையென்றால் நான் 40 சிப்தான் எடுப்பேன். வெல்ச் வகைக்கு வேலை வருவது, சிப் எண்ணிக்கை பூட்டப்பட்டு, ஆட்கள் கூடிக்கொண்டே போகும் இடத்தில்.

#20 · பழைய_பேஸ்ஸ்டேஷன்

5ஜியிலும் இதே விவாதம் நடந்தது. சிப் எண்ணிக்கைக்கு மேல் பயனர்களை ஏற்றும் தொடர் வடிவமைப்புகளை ஆளாளுக்கு ஒரு பெயரில் கொண்டுவந்தார்கள், ஹுவாவே எஸ்சிஎம்ஏ என்றது, இசட்டிஇ எம்யூஎஸ்ஏ என்றது. மொபைல் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபியில் ஆய்வு நடத்தி அறிக்கையும் எழுதினார்கள், தரநிலைக்குள் எதுவும் போகவில்லை. அதனால் அந்தத் தொடர்கள் மோசம் என்று அர்த்தமில்லை. எல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவே வந்தன என்பதும் ஒரு காரணம்.

#21 · ஆய்வுமேசை

கைடிடம் இந்த இழையைக் காட்டினேன். 31 என்பது கோல்டுக்காக வைத்ததுதானே, 40 ஆக்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். ஆனால் டெமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே எட்டு நோடைப் புதிதாகச் சேர்த்து, 48-ஆக ஓட்டிக் காட்ட வேண்டுமாம், சிப் நீளத்தை மாற்றாமல்! கேப்சர்-கம்பேரில் தொடக்கத்தைக் கட்டிவிட்டேன் அண்ணா, இரண்டு நோடுக்கு நடுவில் தள்ளல் இப்போது கால் சிப்புக்குள் நிற்கிறது. அலைவெண் திருத்தம் பாக்கி.

#22 · வேடிக்கை_பார்ப்பவன்

கைடு கெட்டிக்காரர். சுற்றி வளைத்து வெல்ச்சுக்கே கொண்டுவந்துவிட்டார்.

#23 · ஐகன்வெக்டர்

48 × 48 ஹடமார்டும் இருக்கிறது, 12-ஐ நான்கு மடங்காக்கினால் வரும். அதில் எட்டு நெடுவரிசையை நீக்கினால் 40 சிப்பில் 48 தொடர்கள். ஒவ்வொரு நோடும் படும் குறுக்கீடு 8/40, விகிதம் 7 டெசிபெல். டெமோவுக்கு எளிய கன்வல்யூஷன் கோட் (பிழைதிருத்தக் கோட்) ஒன்று சேர்த்தால் தாங்கும்.

இரண்டு கவனிப்பு. முதலாவது, 48 தொடர் கொண்ட பட்டியலையே ஆரம்பத்திலிருந்து வைத்து, 40 நோட் மட்டும் இருக்கும்போதும் அதையே ஓட்டாதீர்கள். தேவையில்லாமல் குறுக்கீடு வாங்குவீர்கள். ஒவ்வொரு நோடிலும் தன் இரண்டு நிரைகளை (40 பட்டியலில் ஒன்று, 48 பட்டியலில் ஒன்று) எழுதிவிடுங்கள், நிரைக்கு 5 பைட், மொத்தம் 10 பைட். எந்தப் பட்டியல் நடப்பில் இருக்கிறது என்பதைப் பீக்கனில் ஒரு பிட் சொல்லட்டும். புது நோட் சேர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக மாறுவார்கள்.

இரண்டாவது, எந்த எட்டை நீக்குகிறீர்கள் என்பது. வர்க்கக் கூட்டல் எதை நீக்கினாலும் ஒன்றே, ஆகவே ஆக்டேவ் அதில் எந்த வித்தியாசமும் காட்டாது. ஆனால் ஜோடிக்கு ஜோடி ஒட்டுறவு மாறும். 48 அணி, 24 அணியைப் பக்கத்தில் ஒன்றும் கீழே இரண்டுமாக வைத்து, கடைசி ஒன்றைக் குறி மாற்றிக் கட்டியது. எட்டு நெடுவரிசையையும் வலது பாதியிலிருந்தே எடுத்தால், முதல் நிரையும் 25-ஆம் நிரையும் அந்த எட்டிலும் நேரெதிராக இருக்கும், மிச்சமுள்ள 40-இல் ஒட்டுறவு 8 என்று உச்சத்துக்குப் போய்விடும். 24 ஜோடிகளுக்கும் இதே கதி. இடது பாதியில் நான்கு, வலது பாதியில் நான்கு என்று எடுங்கள், இந்த ஜோடிகள் எல்லாம் பூஜ்யமாகிவிடும். மற்ற ஜோடிகளுக்குப் பல சேர்க்கைகளை எடுத்து உச்சம் எங்கே குறைகிறது என்று கணினியைத் தேட விடுங்கள். தேடும்போதே கால் சிப் தள்ளலையும் சேர்த்து ஓட்டுங்கள், உங்கள் நோடுகள் நிற்கப்போவது அங்கேதான்.

#24 · சால்டரிங்_வாசம்

அலைவெண் திருத்தத்தை முடித்துவிட்டு அந்தத் தேடலுக்குப் போங்கள் தம்பி. கிரிஸ்டல் சூடேறும்போதும் ஒருமுறை அளந்து வையுங்கள். டெமோ ஹாலில் ஏசி இருக்காது.